கற்பிப்பவரின் ஓய்வு

திருமுல்கேரி, செகந்தராபாத் ராணுவக் குடியிருப்பைச் சார்ந்த பகுதி. அடிக்கடி இடமாற்றம் பெறும் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. பள்ளி மாறி மாறிக் களைத்த பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கத் துணிந்த தாய்க்குக் கோடை விடுமுறை ஒரு சோதனைக் காலம். ஜூன் மாதத்தில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புமுன் புத்தகம், பாடத்திட்டம், திறந்தநிலைப் பள்ளித் தேர்வு விவரம் யாவும் ஆயத்தமாக வேண்டுமே என்ற கவலை. பகலில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் குற்றம் செய்ததுபோல் நெஞ்சு உறுத்துகிறது.

சுவாமி விவேகானந்தரின் இளமைப் பருவத்தைச் சற்று நோக்குவோம். 1877-இல் தந்தை விசுவநாத தத்தர் பணி நிமித்தம் ராய்ப்பூரில் தங்க நேர்ந்தது. நரேந்திரருக்கு அப்போது வயது 14. அவ்வூரில் தக்க பள்ளி இல்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தந்தையே ஆசானானார். அவர் மணியடித்துப் பாடம் நடத்தவில்லை. மகனோடு வாதிட்டார், தம் கருத்தை மறுக்கவும் இடமளித்தார், வீட்டிற்கு வந்த அறிஞர்களின் உரையாடலில் அவனையும் அமர்த்தினார். சமையலும் சதுரங்கமும்கூட அங்குக் கற்றவையே. 1879-இல் கல்கத்தா திரும்பிய நரேந்திரர், விடுபட்ட பாடங்களை விரைந்து முடித்து, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். (அவர் அபூர்வ மாணவர் என்பது மெய்யே. ஆயினும் தந்தை கையாண்ட முறை எவருக்கும் இயலும்.)

பிள்ளையின் மறுப்பைப் பொறுமையோடு கேட்க, கற்பிப்பவர் மனத்தில் இடம் வேண்டும். களைத்த மனம் கட்டளை மட்டுமே இடும். ஆகவே தாய் முதலில் உறங்கட்டும். விடியலில் சிறிது நேரம் ஜபத்தில் அமரட்டும். தியானத்தை விளக்கும் கீதையின் 6-ஆம் அத்தியாயமே உணவுக்கும் உறக்கத்திற்கும் அளவு கூறுகிறதல்லவா! கால அட்டவணையை ஒரே மாலையில் எழுதிவிடலாம்.

ராய்ப்பூரில் பள்ளியின்றிப் பயின்ற அச்சிறுவரே, 1893 பிப்ரவரி 13 அன்று செகந்தராபாத் மகபூப் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். திருமுல்கேரியிலிருந்து அவ்விடம் தொலைவன்று. விடுமுறையில் ஒருநாள் பிள்ளையை அழைத்துச் சென்று காட்டலாம்.