வக்கீலுக்கு எந்தக் குரூப்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் திருச்சி வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளைக்கு எந்தக் குரூப்? டாக்டர் என்றால் உயிரியல், என்ஜினீயர் என்றால் கணக்கு என்று பதில் உடனே வரும். "நான் வக்கீலுக்குப் படிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால்தான் வீடு தயங்குகிறது. காமர்ஸா, வரலாறா, எதற்கும் இருக்கட்டும் என்று பர்ஸ்ட் குரூப்பா?

விதிப்படி இதில் சிக்கலே இல்லை. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் போதும். 1979-ல் தொடங்கிய திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் மதிப்பெண் தரவரிசைப்படி இடம் தருகிறார்கள். ஸ்ரீரங்கம் வட்டம் நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் ஆங்கிலம், நடப்புச் செய்தி, தர்க்கம், சட்ட நோக்கு, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்.

ஆனால் 'எந்தக் குரூப்' என்ற கேள்விக்கு அடியில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இன்னொரு மனிதரின் வாழ்வைப் பற்றி நியாயம் பேசும் தகுதி எதைப் படித்தால் வரும்?

இந்த ஊருக்கு அது புதிய கேள்வி அல்ல. யக்ஞமூர்த்தி என்ற அத்வைதப் பண்டிதர் ஸ்ரீரங்கம் வந்து ராமானுஜரோடு பதினெட்டு நாள் வாதிட்டார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. வாதம் என்றால் குரலை உயர்த்துவது அல்ல. 'நீ சொல்வது உனக்கு எப்படித் தெரியும்?' என்பதற்கு முதலில் பதில் வேண்டும். அறியும் வழியைப் பிரமாணம் என்பார்கள், தமிழில் அளவை. ராமானுஜர் ஏற்றவை மூன்று: கண்டறிவது, கண்டதைக் கொண்டு ஊகிப்பது, நம்பத் தகுந்த சொல். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். சைவத்தில் சிவஞான சித்தியாரும் தன் கொள்கையைச் சொல்லும் பகுதியை அளவையில்தான் தொடங்குகிறது. கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால்கூட சான்று எது, சான்றல்லாதது எது என்று வகுத்துக்கொண்ட மரபு இது.

1872-ன் இந்தியச் சாட்சியச் சட்டம் இந்த நூல்களிலிருந்து பிறந்ததல்ல. ஆனாலும் அது கேட்டது அதே கேள்வியைத்தான். கண்ணால் கண்டது என்றால் கண்டவரே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். 'யாரோ சொன்னார்கள்' என்பது பொதுவாகச் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது.

கோயில் வழக்கு ஒன்றைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அர்ச்சகர் பணியில் வாரிசு உரிமையை நீக்கி 1970-ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து வந்த சேஷம்மாள் வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நியமனம் உலகியல் செயல், எனவே திருத்தம் செல்லும், ஆனால் அர்ச்சகர் அந்தக் கோயிலின் வழிபாட்டு விதிநூலான ஆகமம் அறிந்தவராக இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பாஞ்சராத்திர ஆகமம், நடக்கும் தூரத்தில் திருவானைக்காவில் சைவ ஆகமம். இப்படி ஒரு வழக்கை நடத்தும் வக்கீலுக்கு அரசியல் சாசனத்தின் 25, 26-ம் பிரிவுகள் மட்டும் போதுமா? வரலாறு வேண்டும், சமயம் வேண்டும், பழைய நூலை நிதானமாக வாசிக்கும் பொறுமை வேண்டும். பாகப்பிரிவினை வழக்கென்றால் கணக்கும், விஷம் வைத்த வழக்கென்றால் வேதியியலும் வந்து நிற்கும்.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வேதியியல் பட்டதாரி. திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்த ஆர். வெங்கட்ராமன் பொருளாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டுச் சட்டம் பயின்று, தொழிலாளர் சட்டத்தில் பேர் வாங்கினார். பிறகு குடியரசுத் தலைவரானார். அவர்கள் முன்பு படித்த பாடம் எதுவும் வீண் போகவில்லை.

எனவே 'சட்டத்துக்கு உகந்த குரூப்' என்று தனியாக ஒன்றைத் தேடுவது வீண் அலைச்சல். எந்தப் பாடத்தைப் படிக்கும்போது பிள்ளை 'இது எப்படித் தெரியும்?' என்று வாத்தியாரை மடக்குகிறதோ, அந்தக் குரூப்பில் சேர்க்கலாம். பிடிக்காத பாடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கலாம். கேள்வி கேட்கும் பழக்கம் அப்படி வராது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று, மொழி. ராமானுஜரிடம் வாதத்தில் தோற்று அவர் சீடரான யக்ஞமூர்த்தி, அருளாளப்பெருமாள் எம்பெருமானார் என்ற பெயரில் ஞானசாரம், பிரமேயசாரம் என்ற இரண்டு நூல்களைத் தமிழில் எழுதினார். வடமொழி வேதமும் ஆழ்வார் தமிழும் இரு கண்கள் என்று கொண்டு உபய வேதாந்தம் வளர்த்த ஊர் ஸ்ரீரங்கம். இன்றைய வக்கீலுக்கும் அப்படி இரண்டு வேண்டும். திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் கட்சிக்காரரும் சாட்சியும் பேசுவது தமிழ். மேல்முறையீடு போகும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆங்கிலம். எந்தக் குரூப் எடுத்தாலும் இந்த இரண்டு பாடப் புத்தகங்களையும் பிள்ளை மூலையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.