அப்பாவின் பக்கம் யாருடையது?

ஃபாஸ்டன் என்றொரு மென்பொருள். மூலநிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க மருத்துவமனைகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பத்தின் மருத்துவப் பதிவுகளைத் திரட்டி, வீட்டுக் கணினியிலேயே சேர்த்துவைப்பதுதான் அதன் வேலை. பாட்டியின் சர்க்கரை அளவும் பேரனின் தடுப்பூசித் தேதியும் ஒரே பெட்டிக்குள். சாவி வீட்டுக்காரர் கையில்.

சாவி வேறொருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ட்வென்டிதிரீ அண்ட் மீ சாட்சி. எச்சிலை வாங்கி மரபணுவைப் படித்துச் சொன்ன அந்த நிறுவனத்தில், 2023இல் திருடர்கள் நேராகப் புகுந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதியின் வழியாகக் கசிந்ததோ ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம். 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனுவும் கொடுத்துவிட்டது. பதிவு வீட்டோடு இருக்கட்டும் என்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அங்கே ஒருவரின் கடவுச்சொல் போனதில் சித்தப்பா பிள்ளையின் கதையும் சேர்ந்தே போயிற்று. அப்படியானால் ‘என் உடம்பு’ என்பது எவ்வளவு தூரம் சரி? ஒவ்வொருவருக்கும் தன்மீது தனக்கே உடைமை என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக். இன்றைய தரவுரிமைப் பேச்சில் அந்த வாதத்தின் எதிரொலி கேட்கிறது. சாரநாத்தில் ஐந்து துறவிகளிடம் பேசிய புத்தர் நேரெதிர் பக்கம் நின்றார்: உடம்பு நம்முடையதானால் நோய் வராதே, ‘இப்படி இரு’ என்றால் இருக்குமே.

லண்டனில் ஒரு வழக்கு. மனைவியைக் கொன்றுவிட்டு மருத்துவக் காவலில் இருந்த ஒருவருக்கு ஹன்டிங்டன் நோய் என்று 2009இல் உறுதியானது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது மகள் கருவுற்றிருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று மருத்துவர்கள் கேட்டார்கள், தந்தை மறுத்தார். குழந்தை பிறந்தபின், 2010இல், மருத்துவர் ஒருவர் தவறிப்போய்ச் சொல்லிவிட்டார். 2013இல் மகளுக்கும் அதே மரபணு என்று தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் கருவைக் கலைத்திருப்பேன் என்று அவர் நீதிமன்றம் போனார். 2020இல் வந்த தீர்ப்பு விசித்திரமானது: தந்தையின் ரகசியத்தையும் மகளின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு, அவர்கள் எடைபோட்டுத்தான் பார்த்தார்கள், ஆகவே வழக்கு தோற்றது.

வீட்டுப் பெட்டியில் அந்தத் தராசை யார் பிடிப்பது? பிள்ளைக்குப் 12, 13 வயதானதும் பெற்றோர் பார்க்கக்கூடிய பகுதியைப் பல அமெரிக்க மருத்துவமனைகள் சுருக்கிவிடுகின்றன. வீட்டில் அப்படிக் கதவு சாத்த ஆளில்லை. கணினி தெரிந்த மருமகனோ மூத்த மகளோ அட்மின். மாமியார் மனநல மாத்திரை எடுப்பதும் மைத்துனியின் கருச்சிதைவும், வேண்டுமோ வேண்டாமோ, அவர் கைக்கெட்டும் தூரத்தில். ‘நம் குடும்பத்துக்குள்தானே’ என்ற சொல்லை நம்பித்தான் எல்லோரும் தாளை நீட்டியிருப்பார்கள்.

அறியாமலிருக்கவும் ஒருவருக்கு உரிமை வேண்டும். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் 2007இல் தன் முழு மரபணுத் தொகுதியையும் உலகுக்குத் திறந்து வைத்தார், ஒன்றைத் தவிர. அல்சைமர் நோயோடு தொடர்புள்ள மரபணுவை மட்டும் மறைக்கச் சொன்னார். தமக்கே அது தெரிய வேண்டாம் என்றார். மறைத்தார்கள். பக்கத்திலிருக்கும் எழுத்துகளை வைத்தே விடுபட்டதை ஊகித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டியதும், அக்கம்பக்கத்தையும் அழிக்க வேண்டியதாயிற்று.

குடும்பப் பெட்டியில் அப்பாவின் பக்கத்துக்கு மட்டும் பூட்டுப் போடலாம். மென்பொருளுக்கு அது பெரிய வேலையில்லை. அடுத்த பக்கத்தில் மகளின் பரிசோதனைத் தாள் இருக்கிறது.