வேறு வழி திறந்த பின்

உயிர்வதை பற்றிய விவாதங்களில் "வேறு வழியில்லை" என்ற பதிலுக்குத் தனி மதிப்பு உண்டு. வழியற்றவர் மீது அறம் பொதுவாகக் கடுமை காட்டுவதில்லை. ஆனால் மாற்று வழி ஒன்று திறந்த பிறகும் அதே செயலைச் செய்தால், அதன் அறப்பொருள் மாறாமல் இருக்குமா? மாறிவிடும் என்பதே என் கட்சி. கிளாசிக்கல் கிட்டாரின் தந்திகளை அதற்குச் சான்றாகக் காட்டலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அந்தக் கிட்டாரின் மேல் மூன்று தந்திகளும் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்யப்பட்டவை. கீழ் மூன்றும் பட்டிழையின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை. பட்டுக்காகப் புழுவும் செத்தது. எஃகுத் தந்தி அப்போதே புழக்கத்தில் இருந்தது. ஆனால் விரல் நகத்தால் மீட்டும் மென்மையான இசைக்கு அது ஒத்துவராது என்றார்கள். அந்த மரபில் நின்று வாசித்தவரை நாம் குற்றம் சொல்வது கடினம்.

இரண்டாம் உலகப்போரில் அறுவை சிகிச்சைத் தையலுக்குக் குடலிழை தேவைப்பட்டது. இசைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1938இல் டுபாண்ட் நிறுவனம் அறிவித்திருந்த நைலானைக் கொண்டு, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் தந்தி செய்துபார்த்தார். கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்று மேடையில் வாசித்தார். மிகச் சில ஆண்டுகளிலேயே குடல் தந்தி ஓரத்துக்குப் போய்விட்டது. கருணையா இதைச் செய்தது? இல்லை, பற்றாக்குறை. ஆடு பிழைக்க வேண்டும் என்று யாரும் தந்தியை மாற்றவில்லை என்பதால், அந்த மாற்றத்துக்காக யாருக்கும் புண்ணியக் கணக்கு எழுத முடியாது. ஆனால் அதன்பின் வந்தவர்களின் நிலைமை வேறு. குடலைக் கேட்டு வாங்குபவர் இன்று வழியில்லாமல் வாங்கவில்லை, தேர்ந்தெடுத்து வாங்குகிறார்.

இதற்கு வலுவான மறுப்பு, குடல் இறைச்சிக்கூடத்தின் மிச்சம்தானே, கிட்டாருக்காக யாரும் ஆடு வெட்டுவதில்லையே என்பது. உண்மைதான். ஆனால் மிச்சத்துக்கும் விலை கிடைக்கும்போது கொலையின் வருமானம் கூடுகிறது. புலான்மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கொல்பவரோடு வாங்குபவரையும் பொறுப்பாளியாக்குவது இந்தக் கணக்கை வைத்துத்தான். பங்கு சிறிது என்று ஒப்புக்கொள்ளலாம். பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு மறுப்பு, நைலான் பெட்ரோலியத்தின் பிள்ளை, மட்காது என்பது. அதுவும் சரியே. ஆனால் அது வீணாக்காதே என்பதற்கான காரணமே தவிர, குடலுக்குத் திரும்பு என்பதற்கானது அல்ல. பெரும்பாலும் கீழ்த்தந்திகள்தான் முதலில் மங்கும்; ஆறையும் சேர்த்துக் கழற்றி எறிவது வெறும் பழக்கம். (தந்திகளைத் தாங்கும் நட்டு, சாடில் என்னும் துண்டுகள் எலும்பால் ஆன கிட்டாரில் நைலான் கட்டிவிட்டு, கை கழுவிய நிம்மதியோடு இருப்பவர்களும் உண்டு.)

ஒலி பற்றிய மறுப்புதான் எனக்குச் சங்கடம் தருவது. நைலானின் அடர்த்தி குடலைவிடக் குறைவு. அதே நீளத்தில், அதே இழுவிசையில், அதே சுருதி பெற நைலான் தந்தி தடிமனாக இருந்தாக வேண்டும். அதனால் மூன்றாம் தந்தி சற்று மந்தமாகவே ஒலிக்கும். இது காதின் மயக்கமல்ல, இயற்பியல். ஆனால் அடர்த்தி கூடிய ஃப்ளோரோகார்பன் தந்திகளும், குடலின் அடர்த்தியை ஒட்டி வார்த்த செயற்கைத் தந்திகளும் இப்போது கிடைக்கின்றன. 1839இல் இறந்த இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ சோரின் இசையை அவர் காலத்துக் கிட்டாரிலேயே வாசிப்பவர், இவற்றையெல்லாம் கட்டிக் கேட்டுப் பார்த்தபின், இந்த ஒலி குடலில் மட்டும்தான் பிறக்கிறது என்றால் அவர் வாதத்தை நான் எடுத்த எடுப்பில் தள்ளமாட்டேன். கேட்டே பாராமல் மரபு என்ற பெயரை மட்டும் நீட்டுபவரிடம் அந்தப் பொறுமை எனக்கு இல்லை.