கடனும் கடமையும்: வங்குரோத்துச் சட்டம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் தருவது. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். மனிதன் தவறாது ஆற்றவேண்டிய கடமையும் கடன். காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் என்னும் வழக்குகள் இதற்குச் சான்றாகும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடாதவன் கணக்கில் மட்டுமன்றி ஒழுக்கத்திலும் தவறியவன் என்னும் எண்ணம் மொழியிலேயே படிந்து கிடக்கின்றது. அவ்வாறாயின், கடனை அடைக்க இயலாதவனை அக்கடனிலிருந்து சட்டமே விடுவித்தல் அறமாகுமா? வங்குரோத்துச் சட்டம் எழுப்பும் அடிப்படை வினா இதுவேயாகும்.

வாக்குத் தவறாமைக்குத் தமிழ் மக்கள் காட்டும் இலக்கியம் அரிச்சந்திரன். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' யாழ்ப்பாணத்து ஊர்களைக் கண்ணீர் விடச் செய்த நாடகமாகும். விசுவாமித்திரருக்குக் கொடுக்கவேண்டிய பொருளுக்காக அரிச்சந்திரன் மனைவியையும் மைந்தனையும் விற்றான். பின்னர்த் தன்னையும் விற்றுச் சுடலை காத்தான். அவனது வாய்மையைப் போற்றும் வேளையிலும் ஓர் ஐயம் எழாமற் போவதில்லை. வாக்களித்தவன் அரிச்சந்திரன், விலைப்பட்டவர்களோ சந்திரமதியும் லோகிதாசனும். ஒருவனுடைய வாய்மைக்குப் பிறருடைய வாழ்வு விலையாகலாமா?

ஆகலாம் என்பதே பழைய சட்டங்கள் பலவற்றின் விடை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் கடன்பட்டவனுக்கு 30 நாள் தவணை கொடுத்தது. அதன்பின் அவன் கடன் கொடுத்தவனாற் கட்டி வைக்கப்படலாம். மீட்பாரில்லையேல் தைபர் நதிக்கு அப்பால் அடிமையாக விற்கப்படலாம். இங்கிலாந்தின் முதலாவது வங்குரோத்துச் சட்டம் 1542இல் இயற்றப்பட்டது. அது கடன்பட்டவனைக் குற்றவாளியாகவே கருதியது. 1705ஆம் ஆண்டுச் சட்டமே, உடைமைகளை ஒளியாது ஒப்படைத்த வணிகனுக்கு எஞ்சிய கடனிலிருந்து விடுதலை வழங்கியது. ஒளித்தவனுக்கோ மரண தண்டனை விதித்தது. வணிகரல்லாதார் நெடுங்காலம் சிறையிலேயே வாடினர். 1824இல் சார்ள்ஸ் டிக்கன்ஸின் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் தொழிற்சாலையிற் கூலிவேலை செய்தான். லோகிதாசனின் கதை இலண்டனிலும் நிகழ்ந்தது எனலாம்.

இந்நிலையிலிருந்து சட்டம் எவ்வளவு தூரம் விலகி வந்துள்ளது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டக்கோவை எடுத்துக்காட்டாகும். அங்கு கடன்பட்ட ஒருவர் தாமே நீதிமன்றில் மனுத் தாக்கல் செய்யலாம். அதற்கு முந்திய 180 நாட்களுக்குள் அவர் கடன் ஆலோசனை பெற்றிருத்தல் வேண்டும். உடைமை, கடன், வருமானம், செலவு யாவற்றையும் சத்தியத்தின் பேரில் நிரற்படுத்திக் கொடுத்தல் வேண்டும். மனுத் தாக்கல் செய்யப்பட்ட கணமே கடன் அறவிடும் நடவடிக்கைகள் பெரும்பாலும் தாமாகவே தடைப்பட்டு நிற்கும். ஏழாம் அத்தியாயத்தின் கீழ், நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவர் உடைமைகளை விற்றுக் கடன் கொடுத்தோருக்குப் பங்கிடுவார். எனினும் வீட்டுப் பொருட்கள், தொழிற் கருவிகள் முதலியன குறித்த எல்லைவரை விலக்களிக்கப்படும். எஞ்சிய கடன் சில மாதங்களில் நீக்கப்படும். நிலையான வருமானமுடையோர் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் கீழ் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இயன்ற அளவு செலுத்தலாம். 2005ஆம் ஆண்டுத் திருத்தம், போதிய வருமானமுடையோர் ஏழாம் அத்தியாயத்தை எளிதில் நாடாதவாறு வருமானச் சோதனையைப் புகுத்தியது.

இவ்விடுதலை இலவசமன்று. ஏழாம் அத்தியாயத்தை நாடியவரின் கடன் வரலாற்றில் அச்செய்தி பத்தாண்டுகள் வரை நிற்கும். பிள்ளைகளின் பராமரிப்புப் பணம், மோசடியாற் பெற்ற கடன் என்பன நீங்கா. மாணவர் கடனும் மிகுந்த இடர்ப்பாட்டை நிறுவினாலன்றி நீங்காது. ஊதாரிச் செலவுக்குப் பட்ட கடன் பெரும்பாலும் நீங்கக்கூடியதாயிருக்க, கல்விக்குப் பட்ட கடன் இறுகப் பற்றி நிற்பது அச்சட்டத்தின் பெரும் முரண்பாடாகும்.

இதற்கு எதிரான வாதங்களுள் வலியது வாக்குறுதி பற்றியது. ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலிற் கையாண்ட உதாரணமே கடன் வாங்குதல் பற்றியதாகும். திருப்பிக் கொடுக்க இயலாது என அறிந்தும் கொடுப்பதாகச் சொல்லிக் கடன் பெறுவதை எல்லோரும் நியதியாகக் கொண்டால், வாக்குறுதி என்பதே பொருளற்றுப் போகும் என்பது அவரது வாதம். ஆயின் அவர் கண்டிப்பது வாங்கும்போதே பொய் சொன்னவனை. மெய்யாகவே வாக்களித்துப் பின்னர் நோயினாலோ, வேலையிழப்பினாலோ வீழ்ந்தவன் வேறு. இயலாததை ஆற்றுமாறு அறம் ஒருவனைப் பணிப்பதில்லை. மோசடிக் கடனை நீக்க மறுக்கும் சட்டமும் இவ்வேறுபாட்டையே பேணுகின்றது.

மற்றைய வாதம் கடன் கொடுத்தவனின் பக்கத்தது. அவனும் வறியவனாயிருக்கலாம், ஒருவன்மீது காட்டும் இரக்கம் மற்றவனின் இழப்பிலன்றோ நிகழ்கின்றது? இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், இல்லாத பொருளைச் சட்டம் மறுத்தாலும் அது அவனுக்குக் கிட்டப்போவதில்லை. முந்தி வந்தவனும் வலியவனும் யாவற்றையும் அள்ளிச் செல்லாமல், உள்ளதை ஒழுங்காகப் பங்கிடுவதே அவனுக்கும் செய்யக்கூடிய நீதியாகும்.

சட்டம் விடுவித்தபின் மனச்சான்றுக்கு வேலையில்லையா? உண்டு. நீக்கப்பட்ட கடனையும் மனமுவந்து செலுத்துவதை அமெரிக்கச் சட்டம் தடுப்பதில்லை. எழுத்தாளர் மார்க் ருவெயினின் பதிப்பகம் 1894இல் முறிந்தது. அவர் உலகெங்கும் சொற்பொழிவாற்றச் சென்று, 1896இல் இலங்கையையும் கண்டு, 1898இல் தம் கடன் முழுவதையும் தீர்த்தார். அது போற்றத்தக்கது. ஆயின் அதற்கு வழிசெய்தது யாது? அவருடைய நூல்களின் உரிமைகள் முன்னரே மனைவியின் பெயருக்கு மாற்றப்பட்டு, கடன் கொடுத்தோரிடமிருந்து காக்கப்பட்டிருந்தன. அரிச்சந்திரன் மனைவியை விற்றுக் கடன் தீர்த்தான்; மார்க் ருவெயின் வாழ்வின் வேரைக் காத்துக்கொண்டு கடன் தீர்த்தார். அத்தகைய பேனாவும் புகழும் செல்வாக்குள்ள நண்பரும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே அவரது செயலைப் பெருந்தன்மை எனப் போற்றலாம். யாவர்க்கும் விதியாக்குதல் பொருந்தாது.

இலங்கைக்கும் இவ்வினா புதியதன்று. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கடன் இறுக்கவியலாதோர் கட்டளைச்சட்டம் குடியேற்ற ஆட்சியின்போது இயற்றப்பட்டது. 1849ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி, கடனாளிக்கு வழங்கும் சான்றிதழை அது மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. தவிர்க்கவியலாத இழப்பால் வீழ்ந்தவனுக்கு முதலாம் வகுப்பு. ஓரளவு தன் பிழையால் வீழ்ந்தவனுக்கு இரண்டாம் வகுப்பு. முற்றிலும் தன் பிழையால் வீழ்ந்தவனுக்கு மூன்றாம் வகுப்பு. பல்கலைக்கழகச் சித்திகளைப் போல மனிதரின் துன்பத்துக்கும் வகுப்பு வழங்கிய இம்முறையை இங்கிலாந்து 1861இலேயே கைவிட்டது. வீழ்ச்சியில் ஊழ் எவ்வளவு, பிழை எவ்வளவு என நிறுத்துப் பார்க்கும் தராசு எந்நீதிமன்றிலும் இல்லை என்பதே இதன் படிப்பினை.

2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. பின்னர்க் கடன் கொடுத்தோருடன் பேசிக் கடனை மறுசீரமைத்தது. இயலாமையை வெளிப்படையாகச் சொல்லி அவகாசம் கேட்டல் ஓர் அரசுக்கு அறமாயின், நுண்கடன் ஒன்றை அடைக்க மற்றொன்றைப் பெற்று, காதிற் கிடந்த தோட்டையும் அடகு வைக்கும் கிராமத்துப் பெண்ணுக்கு அதே செயல் இழிவாவது எங்ஙனம்?

கடன் என்னும் சொல்லின் இரு பொருளும் ஈண்டு மீண்டும் நோக்கற்பாலன. வாங்கியதைக் கொடுத்தல் கடன்பட்டவனின் கடன். அவனது உழைப்பையும் மனைவி மக்களையும் விலைபேசாதிருத்தல் சமுதாயத்தின் கடன். முதலாவது கடன் மனிதனிடம் உள்ளதைக் கேட்கலாம், மனிதனையே கேட்கலாகாது. அந்த எல்லையை வரைவதனாலேயே வங்குரோத்துச் சட்டம் அறத்தின் பக்கம் நிற்கின்றது.