தூரம் யாருடைய குற்றம்?

உசுரு போற நேரத்தில் அரசு ஓடிவருகிறது. தமிழகத்தில் 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது, இலவசமாக. நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிசுக்குப் போய்வந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம். முடிந்து எழுந்தவருக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரத் தெம்பு ஏது? அதற்கு 108 வராது. அது அவசரமில்லையாம். சாவது அவசரம், வாழ்வது அவசரமில்லை என்றால் இது என்ன அறம்?

தூரம் இயற்கையானது என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்தது இயற்கையா? 1929இல் கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்றபின் நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். அந்தப் பெண் இறந்துபோனார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அம்பேத்கர் இதை எடுத்துவைக்கிறார்.

இன்றைக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நாம்தான்.

இங்கிலாந்தில் தானாகப் போய்வர முடியாத நோயாளிக்கு, அவசரமில்லாத சிகிச்சைக்கும் பொது மருத்துவத் துறையே ஒப்பந்தம் போட்டு வண்டி அமர்த்துகிறது. அங்கே பயணமும் மருத்துவத்தில் சேர்த்தி. இங்கேயும் அது வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் 'வீட்டு வாசல் வரை' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் வண்டி ஊர்த்தெருவோடு நின்றுவிடும். "உள்ளாற வந்தா வண்டி திரும்பாதுங்க" என்று சாக்கு தயாராக இருக்கும்.

நாம் கருணை கேட்கவில்லை. தூரத்தை உண்டாக்கியவர்கள் அதைக் கடந்து வரட்டும்.