தொழில் மாறுமுன்

நம்மிடம் முன்னாளிற் பயின்ற குறிஞ்சிப்பாடி நெசவாளர் மகன் ஒருவர், "தறியை விட்டு வேறு தொழிலுக்குப் போகலாமா, டீச்சர்?" என்று வினவினார்.

நாம் அருகிலுள்ள நெய்வேலியைச் சுட்டினோம். அங்கே 1957இல் சுரங்கப்பணி தொடங்கிற்று. பழுப்பு நிலக்கரி கண்ணிற் பட்டதோ 1961இல். இடைப்பட்ட ஆண்டுகள் மேல்மண் அகற்றுவதிலேயே கழிந்தன. எனினும் எவரும் கைவிட்டிலர். முன்னரே துளையிட்டு ஆராய்ந்து, அடியில் நிலக்கரி உண்டென அறிந்திருந்தனர்.

ஆகவே முதலில் ஆராய்தல் வேண்டும். உள்ள தொழிலை விடாமலே, ஆறு திங்கள் மாலை வேளைகளிற் புதுத்தொழிலைப் பயின்று பார்க்கலாம். பின்னர்க் குறிக்கோளை ஆண்டுவாரியாக வகுத்துக்கொண்டு, முதலாண்டை வருவாயால் அளக்காது, கற்றதனால் அளத்தல் நன்று.

அடுத்தது அறம். அச்சுரங்கத்திற்காக உழவர் பலர் விளைநிலம் இழந்தனர். நம் மாற்றத்திற்காக இழப்பவர் யார்? பெற்றோரின் மருந்துச் செலவு குறையுமா? தங்கையின் படிப்பு நிற்குமா? இவற்றை முன்னரே கணக்கிடல் கடமை. "இவ்வளவு போதும்" என வரையறுக்காதவர்க்கு எத்தொழிலும் நிறைவு தாராது. இல்லறத்தார் நோன்புகளுள் பொருள் வரைதலும் ஒன்றாக அமைந்தது இதனாலன்றோ?

அவ்விளைஞர் தறியை விற்கவில்லை. மாலையில் மின்பணி பயின்று வருகிறார்.