புது பைக்குக்கு முதல் ஒயில்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அத்தனை காலம் காத்திருந்து பைக் வாங்கியவர், இருப்பதிலேயே விலை கூடிய சிந்தெட்டிக் ஒயிலை உடனே ஊற்ற ஆசைப்படுவார். அக்கறை நல்லதுதான், அவசரம் வேண்டாம்.

புது சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்களைத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புகிறார்கள். கீறலின் பள்ளத்தில் ஒயில் தங்கும். மேட்டு முனைகளைப் பிஸ்டன் ரிங் தேய்த்துத் தேய்த்துத் தனக்கு இடம் அமைத்துக்கொள்ளும். இந்தப் பொருத்தம் அமையாவிட்டால் எரிந்த வாயு கீழே கசியும், ஒயில் மேலேறிப் புகையும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் எரியும் வாயுவின் அழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் என்ஜினைப் பழக்குவதில் ஒயிலைவிட ஓட்டும் விதமே முக்கியம். புத்தளம் பக்கம் பாலாவியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குப் போகும் பாதை ஏற்ற இறக்கம் இல்லாதது. ஒரே கியரில், ஒரே வேகத்தில் போய்விடலாம். புது என்ஜினுக்கு அதுதான் ஆகாது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். திரும்பி வரும்போது தென்மேற்குக் காற்று எதிரே அடித்தால், டொப் கியரில் திணறவிடாமல் ஒரு கியர் இறக்குங்கள்.

சிந்தெட்டிக் வழுக்கும், ரிங் பொருந்தாது என்று கராஜில் பாஸ்மார் சொல்வதுண்டு. அது முழு உண்மையல்ல. தொழிற்சாலையிலேயே சிந்தெட்டிக் ஊற்றி வரும் என்ஜின்களும் இருக்கின்றன. ஆனாலும் கையேடு அனுமதித்தால் முதலில் மினரல் ஒயிலே போதும் என்பேன். முதல் சில நூறு கிலோமீற்றரில் ரிங்கும் கியர்ப் பற்களும் தேய்ந்த துகள் ஒயிலில் கலக்கும். முதல் சேர்விஸைப் பல கம்பனிகள் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் வைப்பது அதற்காகத்தான். சீக்கிரமே வடிக்கப்போகும் ஒயிலுக்கு ஏன் பெரிய செலவு?

பிராண்டைவிடப் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான கியர் பைக்குகளில் என்ஜின், கியர்பொக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் நனைகின்றன. காருக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்த்த மருந்து கிளட்ச் தகடுகளை வழுக்க வைக்கும். பெரும்பாலான கையேடுகள் ஜாசோ தரக்குறியில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 கேட்பது இதனால்தான். கியரில்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் ஒயிலில் நனையாது, அதற்கு எம்.பி. பொருந்தும்.

அடுத்தது தடிப்பு. 20டபிள்யூ-50 என்பதில் முன் எண் குளிருக்கானது: 20டபிள்யூ ஒயிலை மைனஸ் 15 பாகையிலும், 10டபிள்யூ ஒயிலை மைனஸ் 25 பாகையிலும் சோதிப்பார்கள். புத்தளத்துக்கு அந்தக் குளிர் ஒருநாளும் வராது. பின் எண் 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்வது. வெயில் ஊர் என்பதற்காக 30 கேட்கும் என்ஜினுக்கு 50 ஊற்றாதீர்கள். கையேட்டின் எண், என்ஜினுக்குள் இருக்கும் இடைவெளிகளைக் கணக்கிட்டுச் சொன்னது.

வீட்டிலிருந்து வாடிக்கு மட்டும் ஓடும் பைக்கின் என்ஜின் நன்றாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஒயிலில் தங்கிவிடும். அத்தகைய பைக்குக்குக் கிலோமீற்றரோடு மாதத்தையும் பார்த்து ஒயில் மாற்ற வேண்டும். வடிக்கும் நட்டைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மணலைத் துடைத்துவிடுங்கள், வொஷரைப் புதிதாகப் போடுங்கள். வடித்த ஒயிலில் மினுங்கும் தூள் முதல் தடவையில் இயல்பு. சீவல் சீவலாக வந்தால் ஏஜென்டிடம் காட்டுங்கள். அந்த ஒயிலை வளவு மணலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கற்பிட்டிக் குடாநாட்டில் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் எடுக்கும் நீர், அந்த மணலுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது.